நீலி யாருடைய பெயர்?

யாராவது ஊருக்காக அழுதால் 'நீலிக் கண்ணீர்' என்கிறோம். மேடையில் எதிர்க்கட்சிக்காரரைப் பார்த்துச் சொல்கிறார்கள். நெடுந்தொடரில் மாமியார் மருமகளைப் பார்த்துச் சொல்கிறார். கண்ணீர் எதற்கு என்பது எல்லோருக்கும் புரிகிறது, நீலி யார் என்பதுதான் புரிவதில்லை. கேட்டால் பாதிப் பேர் ஏதோ ஒரு பேய் என்பார்கள். மற்றவர்கள் நீல நிறத்தோடு முடிச்சுப் போடுவார்கள். இரு தரப்பும் சொல்வது சரிதான்.

இதே வேலையைச் செய்ய இன்னொரு தொடரும் நம்மிடம் இருக்கிறது: முதலைக் கண்ணீர். அது ஆங்கிலத்தின் வழியாக வந்து குடியேறியது என்று நினைக்கிறேன். மாமல்லபுரத்துக்கு வடக்கே, வடநெம்மேலியில் 1976இல் தொடங்கிய முதலைப் பண்ணையில் போய்ப் பார்த்தால் முதலைக்குக் கண்ணீர் வருவது தெரியும். கண் காயாமலிருக்கச் சுரக்கும் நீர் அது, பாசாங்கு ஒன்றும் இல்லை. ஆக, முதலையின் மேல் போட்ட பழி பொய். நீலியின் மேல் போட்ட பழி எப்படி என்று பார்க்க வேண்டும்.

முதலில் சொல். நீலம் என்பது நமக்கு இன்று வானத்தின் நிறம். பழைய தமிழில் அது கருமைக்கும் பெயர். கூந்தலும் மேகமும் யானையும் நீலமாக இருந்தன. நீல நிறத்தாள் நீலி. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினால் இந்த ஒரு சொல்லுக்குள் அவுரிச் செடி இருக்கிறது, துர்க்கை இருக்கிறாள், பார்வதி இருக்கிறாள், பழையனூர்ப் பேய் இருக்கிறது, கொடியவள் என்ற வசையும் இருக்கிறது. சாயம் காய்ச்சும் செடியும் உலகைக் காக்கும் தாயும் ஊரை அழித்த பேயும் அகராதியில் ஒரே பத்தியில் குடித்தனம் நடத்துகிறார்கள். அவுரியை விட்டுவிடலாம், இலையை ஊறவைத்தால் நீலச் சாயம் கிடைக்கும், அதனால் அந்தப் பெயர். மற்றவர்களுக்கு இடையே என்ன நடந்தது என்பதுதான் கதை.

தெய்வத்திலிருந்து தொடங்குவோம். சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியில் எயினர்கள் கொற்றவையை அழைக்கும் பெயர்களில் நீலியும் ஒன்று. அங்கே அது வசை இல்லை. வில்லைக் கையில் எடுக்கும் முன் சொல்லும் பெயர். அந்தக் கொற்றவை எப்படி இருந்திருப்பாள் என்று பார்க்க மாமல்லபுரம் போதும். ஐந்து ரதங்களில் மிகச் சிறியது, குடிசைக் கூரை போட்டது, திரௌபதி ரதம் என்று நாம் சொல்லும் கொற்றவை கோயில். உள்ளே பின்சுவரில் அவள் நிற்கிறாள். காலடியில் இருவர் மண்டியிட்டிருக்கிறார்கள். ஒருவன் தன் தலைமயிரை ஒரு கையால் மேலே பிடித்துக்கொண்டு மறு கையால் கத்தியைக் கழுத்தில் வைத்திருக்கிறான். முகத்தில் வலி இல்லை. அறுக்கப்போகிற நொடியைச் சிற்பி பிடித்து நிறுத்திவிட்டான். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கத்தி நகரவில்லை. சுற்றுலா வந்தவர்கள் வெளியே சிங்கத்தின் மேல் கை வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருக்க, இவன் உள்ளே கழுத்தை நீட்டியபடி இருக்கிறான். உயிரைத் தானே கொடுப்பதாக ஒப்புக்கொண்டவன், கேட்டு வாங்குகிற ஒருத்தி: இந்த இருவரையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அதே சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் நீலி மறுபடி வருகிறாள், இந்த முறை மனுஷியாக. கலிங்கத்தில் சிங்கபுரத்துக்குப் பொருள் விற்க வந்த சங்கமன் என்ற வணிகனை, பரதன் என்பவன் ஒற்றன் என்று காட்டிக் கொடுத்துக் கொலைக்கு ஆளாக்குகிறான். சங்கமனின் மனைவி பெயர் நீலி. பதினான்கு நாள் தெருவெல்லாம் புலம்பித் திரிந்து, சாபம் இட்டுவிட்டு, குன்றின் மேலேறி விழுந்து கணவனைச் சேர்கிறாள். அந்தப் பரதன்தான் மறுபிறவியில் கோவலன் என்கிறது காப்பியம். கவனியுங்கள். வணிகன், கொலை, அழும் மனைவி, அடுத்த பிறவியில் வந்து சேரும் பழி. பெயரோடு சேர்ந்து ஒரு கதைமூட்டையும் நடந்து வருகிறது. பழையனூரில் அது அவிழப் போகிறது.

பழையனூர் திருவாலங்காட்டை அடுத்த ஊர். அரக்கோணத்திலிருந்து சென்னைக்கு ரயிலில் வருபவர்கள் திருவாலங்காடு என்ற பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பார்கள். 1960இல் திருத்தணி வட்டம் ஆந்திரத்திலிருந்து நம்மிடம் வந்தபோது இந்தப் பகுதி செங்கல்பட்டு மாவட்டத்தோடு சேர்ந்தது. 1997இல் அந்த மாவட்டம் உடைந்தபோது திருவள்ளூருக்குப் போயிற்று. இப்போதைய செங்கல்பட்டு மாவட்டம் 2019இல் பிறந்தது. பேய்க்கு மாவட்ட எல்லை கிடையாது. தொண்டை நாடு என்று சொன்னால் போதும்.

கதை பல வாய்களில் பல மாதிரி. முதுகெலும்பு இதுதான். ஒருவன் தன் மனைவியை ஆலங்காட்டுப் பக்கம் வைத்துக் கொன்றுவிட்டான். மறுபிறவியில் அவன் வணிகன், அவள் பேய். பெண்ணால், அதுவும் பேயான பெண்ணால் உனக்குச் சாவு என்று அவனுக்கு முன்பே சொல்லப்பட்டிருக்கிறது; காவலுக்கு மந்திரித்த வாள் ஒன்று எப்போதும் கையில். வழியில் அழகான பெண்ணாக நீலி எதிர்ப்படுகிறாள். அவன் ஓட்டமாக ஓடிப் பழையனூருக்குள் நுழைகிறான். அவள் ஒரு கள்ளிக்கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வருகிறாள். ஊர் வேளாளர் எழுபது பேர் கூடிய சபையில் நின்று அழுகிறாள்: என்னையும் பிள்ளையையும் விட்டுவிட்டு ஓடுகிறார், சேர்த்து வையுங்கள். இவள் பேய் என்கிறான் அவன். யார் நம்புவார்கள்? குழந்தையை இறக்கிவிடச் சொல்கிறார்கள். அது நேரே அவன் மடியில் போய் ஏறுகிறது. இரவு இருவரும் ஒரே அறையில் தங்கட்டும் என்று சபை தீர்ப்புச் சொல்கிறது. வாளோடு வந்தால் என்னைக் கொன்றுவிடுவார் என்று அவள் அழ, வாளையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். உனக்கு ஏதாவது ஆனால் நாங்கள் எழுபது பேரும் உயிரை விடுகிறோம் என்று அவனுக்கு வாக்குக் கொடுக்கிறார்கள். கதவு சாத்தப்படுகிறது. விடிந்து திறந்தால் பிணம் மட்டும்தான். எழுபது பேரும் தீ மூட்டி இறங்கினார்கள்.

மேல்நாட்டு இலக்கிய வகுப்பில் ஒரு கோதிக் சிறுகதையைக் கையில் கொடுத்து இதன் கூறுகளை எடுத்துக் காட்டு என்பார்கள். பழம்பாவம், தனித்த இடம், பூட்டிய அறை, முன்னெச்சரிக்கை, உயிர் பெறும் சடப்பொருள், செத்தும் சாகாத பெண், உண்மையைச் சொல்லியும் நம்பப்படாத ஆள். எட்கர் ஆலன் போ 1839இல் எழுதிய 'அஷர் வீட்டின் வீழ்ச்சி'யில் இவற்றில் முக்கால்வாசியைப் பார்க்கலாம். அங்கேயும் உயிரோடு அடக்கம் செய்யப்பட்ட ஒருத்திதான் எழுந்து வருகிறாள். பழையனூர்க் கதையில் எல்லாமே இருக்கின்றன, கூடுதலாக ஒன்றும் இருக்கிறது: ஊர்ச்சபை. போவின் கதையில் பயம் ஒரு பழைய மாளிகைக்குள் ஒரு குடும்பத்தைப் பிடித்துக்கொள்கிறது. இங்கே பஞ்சாயத்து நடுவில், பட்டப்பகலில், எழுபது பெரியவர்கள் முன்னால் பேய் நின்று நியாயம் கேட்கிறது. இந்த ஒரு கூறுக்காகவே போவின் கதையைவிட இதை மேலே வைப்பேன்.

கோதிக் என்ற பெயருக்கும் நீலியின் பெயருக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. கோத்துகள் ஐரோப்பாவில் ரோமாபுரியைச் சூறையாடிய ஓர் இனத்தார். பின்வந்தவர்கள் தங்களுக்குப் பிடிக்காத ஊசிக்கோபுரக் கட்டடங்களை, நாகரிகமற்றவை என்ற பொருளில், கோத்துகளின் பாணி என்று இழித்தார்கள். 1765இல் ஹொரேஸ் வால்போல் தன் 'ஒட்ரான்டோ கோட்டை'யின் இரண்டாம் பதிப்பில் 'ஒரு கோதிக் கதை' என்று துணைத்தலைப்புப் போட்டபின், வசை ஒரு வகைமையின் பெயராயிற்று. வென்றவர்கள் வைத்த பெயரில் தோற்றவர்களின் நிழல் ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது.

பழையனூர்க் கதை எவ்வளவு பழையது? திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே, வஞ்சனையால் ஒருத்தி ஓர் உயிரைக் கொண்டுபோன செய்தி குறிப்பாக வருகிறது. 7ஆம் நூற்றாண்டு. கடற்கரையில் பல்லவர் கொற்றவையைக் கல்லில் நிறுத்திக்கொண்டிருந்த அதே காலத்தில், உள்நாட்டில் நீலியின் கதை குறிப்புக் காட்டினாலே புரிகிற அளவுக்குப் பரவியிருக்கிறது. அந்தப் பதிகம் பிறந்த விதத்தைச் சேக்கிழார் சொல்வது இன்னும் சுவையானது. காரைக்கால் அம்மையார் தலையால் நடந்த மண் என்பதால் சம்பந்தர் ஆலங்காட்டில் கால் வைக்கத் தயங்கி, அருகில் ஓர் ஊரில் இரவு தங்கிவிட்டார். கனவில் இறைவன் வந்து, நம்மைப் பாட மறந்தாயோ என்று கேட்டான். எழுந்து பாடியது அந்தப் பதிகம்.

ஒரு பேய்க்கு மரியாதை கொடுத்துத் தயங்கியவர் பாடிய பாட்டில் இன்னொரு பேய் வருகிறது என்பதை இதுவரை யாரும் அழுத்திச் சொல்லவில்லையோ என்று தோன்றுகிறது. அம்மையாரும் வணிகன் மனைவி. மாங்கனி அற்புதத்தைப் பார்த்துப் பயந்துபோன கணவன் பரமதத்தன் கப்பலேறிப் போய், பாண்டி நாட்டில் வேறு பெண்ணை மணந்து, பிறந்த மகளுக்கு முதல் மனைவியின் பெயரையே, புனிதவதி என்று வைத்தான். கணவனுக்காகச் சுமந்த அழகு இனி வேண்டாம் என்று அவர் தசையை உதறிப் பேயுரு கேட்டு வாங்கினார். தன்னைக் காரைக்கால் பேய் என்றே பாட்டில் கையெழுத்துப் போட்டார். அவர் பாடிய ஆலங்காடு கள்ளியும் நரியும் சுடலைத் தீயும் பற்கள் துருத்திய பேய்களும் நிறைந்த காடு. தமிழில் பேய்க்கதைக்கு ஒரு களத்தை அமைத்துக் கொடுத்தவர் அவர்தான்.

பக்கத்துப் பக்கத்து ஊர்கள். இரண்டு பெண்கள், இரண்டு வணிகக் கணவர்கள். ஒருத்தி கைவிடப்பட்டவர், ஒருத்தி கொல்லப்பட்டவள். இருவரும் பேயானார்கள். கைவிடப்பட்டவர் மன்னித்தார், அறுபத்து மூவரில் ஒருவராய்க் கோயிலில் அமர்ந்தார். கொல்லப்பட்டவள் மன்னிக்கவில்லை, அவள் பெயர் வசைச்சொல்லாயிற்று. தொண்டை நாட்டில் பேய் என்ற சொல்லே இழிவானதன்று. மயிலையில் பிறந்தவர் பேயாழ்வார். கடல்மல்லையில், அதாவது மாமல்லபுரத்திலேயே, பிறந்தவர் பூதத்தாழ்வார். பேயும் பூதமும் பட்டங்களான நாட்டில் நீலி மட்டும் ஏன் திட்டாக வேண்டும்?

அவள் அழுதது பொய் என்பதால் என்று சொல்வார்கள். பொய்தானா? இவர் என் கணவர் என்றாள்; போன பிறவிக் கணக்கில் அது உண்மை. என்னை விட்டுவிட்டார் என்றாள். விட்டது மட்டுமா, கொன்றான். வாள் இருந்தால் என்னைக் கொல்வார் என்றாள். ஏற்கெனவே ஒருமுறை கொன்றவன்தானே. அவள் சபையில் சொன்னதில் குழந்தை ஒன்றுதான் புனைவு. இவளை எனக்குத் தெரியவே தெரியாது என்ற அவன் பேச்சு இந்தப் பிறவிக்கு உண்மை, முந்தைய பிறவிக்குப் பொய். சபை மண உறவைச் சரியாகவே கண்டுபிடித்தது, ஆபத்தைக் கண்டுபிடிக்கவில்லை. தென்மாவட்ட வில்லுப்பாட்டில் இந்த முடிச்சு இன்னும் இறுகுகிறது. அங்கே சாகும்போது அவள், யாருமில்லாத அந்த இடத்தில், பக்கத்திலிருந்த கள்ளியைச் சாட்சி வைத்துவிட்டுச் சாகிறாள். பின்னால் குழந்தையாகி மடியில் ஏறுவதும் கள்ளிதான். ஆக, சபையில் 'அப்பா' என்று போய் ஒட்டிக்கொண்டது பொய்க்குழந்தையா, கொலையை நேரில் பார்த்த சாட்சியா? இவ்வளவு கச்சிதமாக ஒரு பொருளை முதலில் வைத்துக் கடைசியில் வெடிக்கவிடும் உத்தியைச் சிறுகதைக்காரர்கள் பொறாமையோடு பார்க்க வேண்டும்.

நீலியின் பக்கத்தை யாரும் சொல்லாமல் போனதற்குக் காரணம், கதை வேறு கைக்குப் போனதுதான். சேக்கிழார் பிறந்த குன்றத்தூரும் தொண்டை நாடுதான், அவர் வேளாளர். 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவாசாரியார் சேக்கிழார் புராணம் பாடியபோது, அந்தக் குலத்தின் பெருமைக்குச் சான்றாகப் பழையனூர் எழுபதின்மரை எடுத்து வைத்தார். படிக்காசுப் புலவரின் தொண்டை மண்டல சதகத்திலும் அவர்கள் வந்துவிட்டார்கள். கதையின் நாயகி பின்னுக்குப் போய், வாக்குத் தவறாமை முன்னுக்கு வந்தது. தீப்பாய்ந்த இடத்தில் மண்டபம் இருக்கிறது. எதிரே இருக்கும் இறைவனுக்குச் சாட்சிபூதேசுவரர் என்று பெயர். மாமல்லபுரத்தில் கழுத்தில் கத்தி வைத்தவனை நினைத்துக்கொள்ளுங்கள். ஒப்புக்கொண்ட உயிரைத் தானே கொடுப்பவனுக்கு இந்த நாட்டில் கல்லும் பாட்டும் எப்போதும் உண்டு. கேட்டு வாங்கியவள் கடற்கரையில் தெய்வம், பழையனூரில் பேய்.

அந்தப் பழையனூரும் சாதாரண ஊர் இல்லை. 1905இல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள், முதலாம் இராசேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டில் பழையனூரையே ஆலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்ததைப் பதிவு செய்கின்றன. முப்பத்தொரு ஏடுகள். சோழர் வம்சாவளிக்கு வரலாற்றாசிரியர்கள் இன்றும் அவற்றைத்தான் தேடிப் போகிறார்கள். நிலம் கோயிலுக்குப் போன ஊரில் கதையும் கோயில் பக்கம் சாய்ந்ததில் வியப்பில்லை.

ஒரே ஒரு கூட்டம் மட்டும் நீலிக்குப் பேச வாய் கொடுத்தது: சமணர். ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான நீலகேசியின் நாயகி இதே பழையனூர் நீலிதான். ஒரு சுடுகாட்டுக் காளி, தனக்குப் பலி விழாமல் தடுத்துவிட்ட முனிசந்திரர் என்ற துறவியை விரட்ட முடியாமல், பழையனூர் நீலியை உதவிக்கு அழைக்கிறாள். நீலி முதலில் மிரட்டிப் பார்க்கிறாள், பிறகு அழகியாக வந்து மயக்கப் பார்க்கிறாள். துறவி அசையவில்லை. தோற்று அவர் சீடரானவள், ஊர் ஊராகப் போய்க் குண்டலகேசி தொடங்கிப் புத்தர் வரை வாதில் வெல்கிறாள். ஆசீவகர், சாங்கியர், வேதவாதி என வரிசையாகத் தோற்கிறார்கள். கடைசியில் பூதவாதி. உயிர் என்று ஒன்று தனியாக இல்லை, எல்லாம் ஐம்பூதச் சேர்க்கை என்பது அவன் கட்சி. தருக்கம் போதாது என்று கண்ட நீலகேசி தன் பழைய பேயுருவை எடுத்துக் காட்ட, அவன் நடுங்கிப்போய் ஒப்புக்கொள்கிறான். இந்த இடத்தில் நான் சிரித்தேன். தத்துவ நூலில் இதற்கு இணையான நகைச்சுவை எனக்குத் தெரிந்து வேறு இல்லை. அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் சமயதிவாகர வாமன முனிவர் உரையோடு இதைப் பதிப்பித்தார். ஆனால் படித்தவர்களிடம் நீலகேசி. வாய்மொழியில் நீலிக் கண்ணீர். பெயரின் இரு பாதியும் சந்தித்துக்கொள்ளவே இல்லை.

கதைச் சட்டகம் மட்டும் நவீன காலத்துக்கும் தப்பி வந்திருக்கிறது. புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யில் தெருவிலிருந்து ஒரு பெண் வீட்டு வாசலுக்கு வருகிறாள். மனைவி நம்பி வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். கணவனுக்கு மட்டும் சந்தேகம், அவன் சொல் எடுபடுவதில்லை. எழுபது பேர் சபை இங்கே ஒரு மனைவியாகச் சுருங்கிவிட்டது. வாளுக்குப் பதில் எழுத்தாளனின் அறிவு, அதுவும் உதவவில்லை.

தெற்கே போனவள் கதை வேறு. நெல்லையிலும் குமரியிலும் அவள் இசக்கி. இயக்கி என்ற சமணக் காவல்தெய்வப் பெயர் திரிந்து இசக்கியாயிற்று. ஆரல்வாய்மொழிக்கு அருகில் முப்பந்தலில் அவளுக்குப் புகழ்பெற்ற கோயில். வில்லுப்பாட்டில் நீலியும் நீலனும் இரட்டைக் குழந்தைகள். இரவில் மாடு தின்ற நீலனை ஊர் வேளாளர் கொல்ல, எழுபது பேரின் மேல் அவளுக்குத் தனிப் பகையே உண்டு. தீப்பாய்ந்தது வாக்குக்காக மட்டும் என்ற வடக்குக் கதையை இந்த ஒரு மாற்றம் கவிழ்த்துவிடுகிறது. கேரளத்தில் அவள் கள்ளியங்காட்டு நீலி. அங்கும் கள்ளி கூடவே போயிருக்கிறது. 2025இல் வெளிவந்த மலையாளப் படமான 'லோகா' அவளை வல்லமை படைத்த நாயகியாக்கி வசூலையும் குவித்தது.

முப்பந்தலில் பெண்கள் நேர்ந்துகொண்டு தொட்டில் கட்டுகிறார்கள். கள்ளிக்கொம்பில் பிள்ளை செய்தவளிடம் பிள்ளை வரம் கேட்கிறார்கள். பிறந்த குழந்தைக்கு இசக்கியம்மாள், இசக்கிமுத்து, இசக்கிராஜா என்று பெயர் வைக்கிறார்கள். திருநெல்வேலிப் பள்ளிகளின் வருகைப்பதிவேட்டைத் திறந்தால் வகுப்புக்கு ஓர் இசக்கியாவது அகப்படும். பழையனூர்ப் பக்கம் நீலா உண்டு, நீலவேணி உண்டு, நீலாவதி உண்டு. பெண் குழந்தைக்கு நீலி என்று மட்டும் யாரும் வைப்பதில்லை.